ரக்பி விதிகள் தெரியாமல் ஸ்டேடியத்துக்குப் போனால் போரடிக்குமா?

போரடிக்காது. தைரியமாகப் போங்கள்.

கேள்வியைப் பார்த்தால், வேலைக்காக வந்த இடத்தில் கூட வேலை செய்யும் யாரோ "ஒரு டிக்கெட் இருக்கு, வர்றியா?" என்று கேட்டிருப்பார்கள், டிவியில் பார்த்தபோது ஒருவர்மேல் ஒருவர் விழுவது தவிர வேறெதுவும் பிடிபடவில்லையே என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. நானும் அதே நிலையில்தான் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் வேல்ஸ் - ஸ்காட்லாந்து ஆட்டத்துக்குப் போனேன். 2024 பிப்ரவரி 3, சனிக்கிழமை, ஆறு ஐரோப்பிய அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடர். ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அளக்கிறான் என்று யாராவது வருவீர்கள், தெரியும். இது முதல்முறை போகிறவருக்கான பதில், விஷயம் தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

அந்த ஸ்டேடியம் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எழுபதாயிரத்துக்கும் மேல் இருக்கைகள், மூடித் திறக்கும் கூரை. ஆட்ட நாளில் தெரு முழுக்க சிவப்புச் சட்டை, தலையில் டாஃபடில் பூ மாதிரி மஞ்சள் தொப்பி. உள்ளே போனதும் எனக்கு ஆச்சரியம், இரண்டு அணி ரசிகர்களும் கலந்தே உட்கார்ந்திருந்தார்கள். கால்பந்தில் எதிரணி ரசிகர்களைத் தனியாகப் பிரித்து வைப்பார்கள் இல்லையா, இங்கே அதெல்லாம் கிடையாது. என் வலப்பக்கம் கில்ட் (அவர்கள் ஊர் ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பாவாடை) கட்டிய ஒரு ஸ்காட்லாந்துப் பெரியவர். காதில் சின்ன ரேடியோ, நடுவரின் மைக்கில் பேசுவது அப்படியே கேட்கும். ஸ்க்ரமுக்கு (இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் கோத்துப் பந்துக்காக முட்டித் தள்ளுவது) முன்னால் நடுவர் சொல்லும் "க்ரவுச், பைண்ட், செட்" கேட்கட்டும் என்று ஒருதடவை கழற்றி என் காதில் வைத்தார்.

விதி என்று அவர் சொன்னது கொஞ்சம்தான். கையால் முன்பக்கம் பாஸ் கொடுக்கக் கூடாது, உதைத்து முன்னால் அனுப்பலாம். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, பந்தைத் தரையில் அழுத்த வேண்டும், அதுதான் டிரை, 5 புள்ளி. அதற்கப்புறம் இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2, அதுதான் கன்வர்ஷன். "கோட்டைத் தாண்டினவன் எதுக்கு இன்னும் ஓடுறான்?" என்று கேட்டேன். பந்தை எங்கே வைக்கிறானோ அதற்கு நேராக நின்றுதான் அந்த உதையை உதைக்க வேண்டுமாம். ஓரத்தில் வைத்தால் கோணம் கஷ்டம், அதனால் நடுவுக்கு ஓடுகிறார்கள். இது புரிந்ததுமே பாதி ஆட்டம் புரிந்த மாதிரி இருந்தது.

இடைவேளையில் ஸ்காட்லாந்து 20-0. திரும்பி வந்த சில நிமிடங்களில் ஸ்காட்லாந்தின் டூஹான் வான் டெர் மெர்வா இன்னொரு டிரை போட, 27-0. ஆனால் பெரியவர் துள்ளவே இல்லை. 2002க்கு அப்புறம் அவர்கள் கார்டிஃபில் ஜெயித்ததே இல்லையாம். அவர் பயந்த மாதிரியே நடந்தது. ஸ்காட்லாந்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து மஞ்சள் அட்டை வாங்கி ஆளுக்குப் பத்து நிமிடம் வெளியே உட்கார, வேல்ஸ் வரிசையாக நான்கு டிரை போட்டது. 27-26! என்னைச் சுற்றி இருந்தவர்கள் கத்திய கத்தலில் அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை, தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. அது போதாதென்று, 80 நிமிடம் ஆனதும் ஆட்டம் சட்டென்று நிற்காது, பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஓடும். கடைசியில் அதே ஒரு புள்ளியில் ஸ்காட்லாந்து தப்பித்தது. டிரை கணக்கில் வேல்ஸ் 4, ஸ்காட்லாந்து 3 (ஸ்காட்லாந்தின் மீதிப் புள்ளிகள் பெனால்டி உதைகளில் வந்தவை). வேல்ஸ் நான்கில் ஒரு கன்வர்ஷனைக் கோட்டைவிட்டது, அதுவே வினையாகிவிட்டது.

குறை சொல்லவேண்டும் என்றால் பீர். இருக்கையிலேயே குடிக்கலாம் என்பதால் வரிசையில் எவனாவது ஒருவன் எழுந்து போய்க்கொண்டே இருப்பான், ஒவ்வொரு தடவையும் நாமும் எழுந்து வழிவிட வேண்டும். வேல்ஸின் ஒரு டிரை எனக்கு யாரோ ஒருவருடைய முதுகாகத்தான் தெரிந்தது. குடிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பந்து வெளியே போனபிறகு எழுந்திருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அடுத்த ஆட்டத்துக்கு என்னால் போக முடியவில்லை, காரணம் சனிக்கிழமை ஷிஃப்ட். "நீ தனியாள்தானே, உனக்கென்ன வேலை" என்று என் தலையிலேயே கட்டுவார்கள். குடும்பம் இருப்பவருக்கு மட்டும்தான் வார இறுதி உண்டா? டிக்கெட் வாங்கிவிட்டேன் என்றால் "ரக்பியா? உங்க ஊர்ல கிரிக்கெட்தானே?" என்று சிரிப்பு வேறு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வரிசை வேண்டாம், அங்கிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பது வெறும் ஆட்குவியல். மேல் அடுக்கில் நடுக்கோட்டுக்குப் பக்கமாகக் கிடைத்தால் எடுங்கள், எந்தப் பக்கம் ஆள் குறைவாக நிற்கிறார்கள், பந்து ஏன் அங்கே போகிறது என்பதெல்லாம் தெரியும். அந்தக் காது ரேடியோ வாசலில் விற்றால் யோசிக்காமல் வாங்குங்கள். கார்டிஃப் என்றால், முடிந்ததும் ரயில் நிலையத்துக்கு வெளியே போகும் ஊர் வாரியாக வரிசை போடுவார்கள், உங்கள் ஊர் வரிசை எது என்று பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள்.