குழலுக்குள் ஒரு கைவேலை

அன்புள்ள சார்,

எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளைப் பார்த்துவிட்டு, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் அமெரிக்கக் கைவேலை ரைஃபிள்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அம்பத்தூரில் 31 வருஷம் லேத் ஓட்டியவன். மரச் செதுக்கல் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழலுக்குள் சுழல் பள்ளம் வெட்டுவதற்கு ஏன் இவ்வளவு பரவசம்? இன்று மெஷின் நிமிஷத்தில் முடித்துவிடும். நானே ஒன்று செய்து காட்டட்டுமா?

ஒரு வாசகர், அம்பத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

வரிவரியாக நெளியும் மேப்பிள் கட்டை, அதில் பதித்த பித்தளைப் பூ எல்லாம் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். ஆனால் நான் கிறங்கிப்போனது உங்கள் துறையில்தான்.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்களுக்குக் குழலே உலையில்தான் பிறக்கும். பட்டை இரும்பைக் காய்ச்சி, கம்பியைச் சுற்றி வளைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடித்து ஒட்ட வேண்டும். நீளம் மூன்றரை அடி. அப்புறம் உள்ளே கடைய வேண்டும்.

சுழல் வெட்ட ஒரு மர உருளை. அதன்மேல் சுழலாகப் பள்ளம் ஓடும். இழுத்தால் உருளை அந்தப் பள்ளத்தின் வழியே திரும்பிக்கொண்டே வரும். அதோடு பிணைத்த தடியும் குழலுக்குள் அப்படியே திரும்பும். தடியின் நுனியில் ரம்பப் பல் மாதிரி சின்ன எஃகுத் துண்டு. ஒரு இழுப்புக்கு அது முடி கனம்கூடச் சீவாது. பல் வெட்டாமல் வழுக்க ஆரம்பித்ததும் அடியில் என்ன செருகுவார்கள் தெரியுமா? காகிதம்! இடைவெளியில் மெல்லிய தகடு, அதாவது ஷிம், வைத்துப் பழகிய கைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இப்படி ஏழெட்டுப் பள்ளம். உங்கள் லேத்தில் வெட்டுளியைச் சீராக நகர்த்தும் லீட் ஸ்க்ரூ செய்வதும் அந்த மர உருளையின் வேலைதானே?

ஈயக்குண்டை எண்ணெய்த் துணியில் பொதிந்து இறக்குவார்கள். துணி பள்ளங்களைக் கவ்வும், குண்டு சுழன்றபடி நேராகப் போகும்.

வெர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்பவர் 1960களில் இந்த முறையை மீட்டு, முழு ரைஃபிளையும் கையாலேயே செய்து காட்டினார்.

நீங்கள் செய்து காட்ட வேண்டாம், சார். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். மர உருளையை மட்டும் செய்யுங்கள். பல்லுக்குப் பதில் பென்சிலைக் கட்டி, பிவிசி குழாய்க்குள் இழுத்துப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வந்துவிடுகிறேன்.