பட்ட கஷ்டத்தை வைத்துப் பிறருக்கு ஆறுதல் சொல்வது எப்படி?

"பிறருக்கு ஆறுதல் சொல்லப் போகிறேன், ஆனால் பேச்சு என் சாட்சியாகவே நீண்டுவிடுகிறது, ஒரு கிறிஸ்தவன் தன் துன்பத்தை எப்படிப் பயன்படுத்துவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவன் உங்களுக்குச் செய்ததைச் சபையில் எடுத்துச் சொல்லும் அந்தச் சாட்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கஷ்டப்பட்ட நாள்களில் உங்களுக்குத் தெம்பு தந்தது எதுவோ, அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் அதுதான்: தேவன் நமக்குச் செய்த ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யலாம். ரோமரின் ஆசியா மாகாணத்தில் இருந்தபோது பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக அங்கேயே எழுதுகிறார். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று விவரிக்கவே இல்லை! ஏழாம் அதிகாரத்தில், வெளியே போராட்டம், உள்ளே பயம் என்று தவித்தவருக்கு தேவன் எப்படி ஆறுதல் செய்தார்? அவருடைய உடன் ஊழியனான தீத்து வந்து சேர்ந்தான். அவ்வளவுதான்.

எனக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது சபையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அன்போடுதான் வந்தார்கள். கையில் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு. எல்லாமே பொட்டாசியம், எதையும் நான் தொடக் கூடாது. ஓர் அக்கா மட்டும் காலுறையும் சால்வையும் கொண்டுவந்தார். "நாலு மணி நேரம் அசையாம இருக்கணும் தம்பி, ரொம்பக் குளிரும். ஊசி குத்துற கையில பிளட் பிரஷர் பார்க்க விடாதீங்க. தாகம் தாங்கலேன்னா சின்ன ஐஸ் துண்டு வாயில போட்டுக்குங்க." அப்புறம் சுருக்கமாக ஒரு ஜெபம். அவருடைய கணவரும் டயாலிசிஸில் இருந்தவர், இறந்துபோனார் என்பது ரொம்ப நாள் கழித்து நானாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. முதல் நாளே சொல்லியிருந்தால் பயத்திலேயே போயிருப்பேன்.

இப்போது இங்கே சிங்கப்பூரில், சிகிச்சை நிலையத்தில் புதிதாக யாராவது வந்து மிரண்டுபோய் உட்கார்ந்தால் அந்தக் காலுறை விஷயத்தைத்தான் முதலில் சொல்கிறேன். மலாய்க்காரரோ சீனரோ, எல்லாருக்கும் கால் குளிரத்தான் செய்யும். ஜெபிக்கலாமா என்று கேட்பேன், வேண்டாம் என்றால் சரி. படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதற்காகப் பிரசங்கம் செய்வது எனக்குப் பிடிக்காத காரியம்.

அதே கஷ்டத்தைப் பட்டிருக்க வேண்டுமா? அவசியமில்லை, எந்த உபத்திரவத்தில் இருப்பவருக்கும் என்றுதான் பவுல் எழுதுகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "உங்க வேதனை எனக்குப் புரியுது" என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு மனம் என்ன பாடுபடுத்தும் என்பது தெரியும். வருகிறவர்கள் எப்போது நின்றுபோவார்கள் என்பதும் தெரியும். இங்கே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருக்கும் நாள்களில் நாற்காலி போதாது, ஒவ்வொரு இரவும் ஆராதனை, பாட்டு, காப்பி. மண்டாய் தகனச்சாலைக்குப் போய்த் திரும்பிய மறுவாரம் அழைப்பு மணியை அடிக்க ஆள் இருக்காது. அதனால் நான் ஒரு மாதம் கழித்துப் போவேன். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லியே பேசுவேன். பெயரை எடுத்தால் அழுவார்களே என்று மற்றவர்கள் தவிர்க்கிறார்கள். அழட்டுமே.

கர்த்தர் மேல் கோபம் என்று சொன்னால் வாயை அடைக்காதீர்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. "எல்லாம் தேவசித்தம்" என்று அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

உங்கள் காயமே இன்னும் ஆறவில்லை என்றால் இப்போதைக்கு வேறு யாராவது போகட்டும், நீங்கள் சாப்பாடு கொடுத்தனுப்பலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் மட்டும் ஜெபத்தோடு கிளம்பிவிடாதீர்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை நீங்களே அழுத்திக் கொடுங்கள்.