வசனமாகவா, புத்தகமாகவா? – வாசகர் கேள்வி பதில்

கே: ஒவ்வொரு ஜனவரியும் வேதாகம வாசிப்பை ஆதியாகமத்தில் தொடங்குகிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறது. இது என் விசுவாசக் குறைவா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை ஐயா, கணக்கில் இருக்கிறது. வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் வாரநாளில் மூன்று, ஞாயிறன்று ஐந்து அதிகாரம் வாசிக்க வேண்டும். (கத்தோலிக்க வாசகர்களின் திருவிவிலியத்தில் 73 நூல்கள், அவர்களுக்கு இன்னும் கூடும்.) அந்த வேகத்தில் ஆதியாகமத்தின் 50 அதிகாரமும் யாத்திராகமத்தின் 40 அதிகாரமும் ஜனவரி கடைசியில் முடிந்துவிடும். யாத்திராகமம் 25 முதலே ஆசரிப்புக்கூடாரத்தின் (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) அளவுகள்தான் அதிகம். அதைத் தாண்டியதும் லேவியராகமத்தின் பலிமுறைகள், தினம் மூன்று அதிகாரம். ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறு, மூன்று நாள் தவறினால் பன்னிரண்டு. பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

தேதி போட்ட அட்டவணையை எடுத்து வைத்துவிடுங்கள். பழைய ஏற்பாட்டில் ஒரு அதிகாரம், ஒரு சங்கீதம், புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரம் என்று மூன்று இடத்தில் அடையாள நாடா வையுங்கள். புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து வாசித்தாலே சரியாக 52 வாரம். பழைய ஏற்பாடு முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். விட்டுப்போன நாளை ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நாடா இருக்கும் இடத்திலிருந்து தொடருங்கள். லேவியராகமத்தில் மட்டும் ஒரு மாற்றம்: முதலில் 16ஆம் அதிகாரத்தை, பாவநிவாரண நாளை, வாசியுங்கள். உடனே புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 9, 10. அதன்பிறகு முதல் அதிகாரத்துக்குத் திரும்பினால், அந்த இரத்தமும் பலிபீடமும் எதற்கென்று புரியும்.

கே: புதுவருட ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. வருடம் முழுவதும் கஷ்டம்தான். இப்போது வேதத்தைத் திறக்கவே மனமில்லை. – ஒரு சகோதரி, சாயர்புரம்

ப: சகோதரி, அந்த அட்டையில் இருப்பது ஒரு கடிதத்தின் ஒரு வரி. முழுக் கடிதத்தையும் வாசியுங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதியது அது. 5ஆம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. 7ஆம் வசனம், சிறைப்பட்டுப் போன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணச் சொல்கிறது. 10ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு வருகிறது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற உங்கள் 11ஆம் வசனம் அதற்குப் பிறகுதான். முந்தின அதிகாரத்தையும் பாருங்கள்: இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி சொல்கிறான். கேட்கச் சுகமாக இருந்த அந்தச் சொல்லைப் பொய் என்று எரேமியா மறுக்கிறார்.

கஷ்டம் வராது என்று கர்த்தர் சொன்னதாக நினைத்தால், கஷ்டம் வந்ததும் அவர் பொய்யரென்று தோன்றும். கஷ்டத்தின் நடுவிலேயே, நீண்ட காலத்துக்காகச் சொன்ன வாக்கு என்று தெரிந்தால், அதே வசனம் தாங்கிப் பிடிக்கும். அட்டையை வீச வேண்டாம். எந்த வசனம் கிடைத்தாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரம் வாசிப்பதை வழக்கமாக்குங்கள். யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்காவதாக, அந்தப் பகுதியின் வார்த்தைகளைக்கொண்டே இரண்டு வரி ஜெபம். இதற்கு இருபது நிமிடம் போதும். வேதாகமத்தின் தாள் மெல்லியது. ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறும். கோடு போட பென்சிலே நல்லது.

கே: விசுவாசிக்கு வேதம் போதுமே. கதையும் கவிதையும் வாசிப்பது நேரத்தை வீணாக்குவது அல்லவா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: வேதம் ஒன்றே விசுவாசத்துக்கு அளவுகோல் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அத்தேனே பட்டணத்தில் பவுல் கிரேக்கப் புலவர்களின் சொல்லை எடுத்துக்காட்டிப் பேசினார் (அப்போஸ்தலர் 17:28). சிறையிலிருந்து கடைசியாக எழுதிய நிருபத்திலும் மேலங்கியோடு புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:13).

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே சாட்சி உண்டு. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனைக் கற்ற கல்வியைத் தூக்கி எறியவில்லை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, அந்தக் கல்வியின் பலத்தில் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைப் பாடினார். 1894இல் நூலாக வந்தது. நல்ல இலக்கியம் வாசித்துப் பழகியவருக்குச் சங்கீதம் கவிதையாகவும் உவமை கதையாகவும் கேட்கும். இரண்டையும் சட்டப் புத்தகம்போல் வாசிக்கமாட்டார். காலை நேரத்தை வேதத்துக்கு வைத்துக்கொண்டு, மற்ற நூல்களை மாலையில் வாசியுங்கள்.

கே: ஒன்பது வயது மகன் போனை விடுவதில்லை. வாசிப்புப் பழக்கம் எப்படி வரும்? – ஒரு தாய், மதுரை

ப: தனியாக உட்கார்ந்து வாசி என்று சொல்லாதீர்கள் அம்மா, சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். முதலில் யோனா: நான்கு அதிகாரம், 48 வசனம், ஒரே இரவில் முடியும். அடுத்து ரூத், அதுவும் நான்கு. பிறகு மாற்கு, இரவுக்கொரு அதிகாரமாக 16 இரவு. டிசம்பர் முதல் தேதி லூக்காவைத் தொடங்கினால் 24 அதிகாரமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு முடியும். பேசும் பகுதிகளை அவன் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். பரீட்சை வாடை அடித்தால் பிள்ளை மறுநாள் வராது. அவன் கேள்வி கேட்டால், பதில் தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, ஆயரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். முக்கியமாக, அந்த நேரத்தில் உங்கள் போனும் வேறு அறையில் இருக்கட்டும்.

கே: கண் மங்கிவிட்டது. இனி கேட்க மட்டும்தான் முடியும். அது வாசிப்பாகுமா? – ஒரு வாசகர், பாளையங்கோட்டை

ப: ஆகும் ஐயா. "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்றுதான் ரோமர் 10:17 சொல்கிறது; அங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவைச் சத்தமாக வாசித்ததால்தான் சுவிசேஷகன் பிலிப்புவின் காதில் விழுந்தது (அப்போஸ்தலர் 8). ஒலிவேதாகமம் போனில் இலவசமாகவே கிடைக்கிறது. ஓடவிட்டுப் படுத்தால் தூக்கம் வரும். உட்கார்ந்து ஒரு அதிகாரம் கேட்டு, நிறுத்தி, அதையே மறுபடி கேளுங்கள். பெரிய எழுத்துப் பதிப்புகளும் உண்டு. வாங்குமுன் ஒரு பக்கத்தைப் பிரித்து, வீட்டு விளக்கு வெளிச்சத்தில் தெரியுமா என்று பாருங்கள்.