கலோரிக் கணக்கும் வயிற்றெரிச்சலும்

கேள்வி: ஒரு மணி நேர நடைக்குக் கைக்கடிகாரம் 480 கலோரி என்கிறது, மார்பில் கட்டும் துடிப்புப் பட்டை 310 என்கிறது. எது பொய்?

பதில்: இரண்டுமே ஊகம்தான். பட்டையின் ஊகம் கொஞ்சம் நாணயமானது. இந்தக் கருவிகள் கலோரியை அளப்பதே இல்லை என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. அளப்பது முக்கியமாக இதயத் துடிப்பை. பட்டை இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கிறது. கடிகாரம் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. அதோடு உங்கள் வயதையும் எடையையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் விழுவதுதான் கலோரி. வெயிலோ பயமோ காபியோ துடிப்பை ஏற்றினாலும் சூத்திரத்துக்கு அது உழைப்புதான். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பில் 6 கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள். கலோரியில்? இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93. எந்தப் பெட்டியின் மேல் இதை அச்சடிக்கிறார்கள்?

கேள்வி: கடிகாரம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வயது, எடை எதையும் இன்னும் பதியவில்லை. கலோரி சரியாக இருக்குமா?

பதில்: யாருக்குச் சரியாக?

கேள்வி: மலிவான மார்புப் பட்டை வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். அது தன்னுடைய கடிகாரத்தோடு மட்டும்தான் பேசும் என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. ஒரு வருடத்தில் கடிகாரம் செத்தது. பட்டை அலமாரியில் தூங்குகிறது. புளூடூத் உண்டா, பேட்டரியை நாமே மாற்றலாமா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், தோலைத் தொடும் மின்முனைகளை நனைத்துக் கட்டுங்கள். காய்ந்த பட்டை உளறும்.

கேள்வி: கருவி இல்லாமல் கணக்குப் போட முடியாதா?

பதில்: ஓட்டம் என்றால் முடியும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும். 60 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 300. காசு செலவில்லை.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன். 'மருத்துவத் துல்லியம்' என்று சொல்லிக் கடிகாரத்தை விற்றார்கள். எவ்வளவு வேகமாக நடந்தாலும் கலோரி ஏறவில்லை. எனக்கு நடக்கத் தெரியவில்லை என்கிறார் விற்றவர்.

பதில்: ஐயா, உங்கள் நடையில் குறையே இல்லை. அந்த மாத்திரை துடிப்பை அடக்கி வைக்கும். துடிப்பை நம்பும் சூத்திரம் குறைத்துத்தான் காட்டும். இதற்காக மாத்திரையில் கை வைத்துவிடாதீர்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து, பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு நடக்கத் தெரியவில்லை என்று அவர் சொன்னதையும் அதில் எழுதுங்கள்.