ஐஸ் ஹொக்கியா, படிப்பா: ஒன்ராறியோவிலிருந்து எழுதிய தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

தரம் 10இல் படிக்கும் உங்கள் மகனை, கனடாவின் இளையோர் லீக்குகளில் ஒன்றான ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் அணியொன்று தெரிவுசெய்தால் அனுப்புவதா, மறித்துப் படிக்க வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். மறிக்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் ஐஸ் அரங்கில் மற்றப் பெற்றோர் சொல்லும் புத்திமதிகளில் பல பழைய விதிகளைச் சார்ந்தவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் அந்த லீக்கில் ஆடிய பிள்ளை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதற்பிரிவு அணிகளில் ஆடும் தகுதியை இழந்துவிடும். அதனால் 15, 16 வயதிலேயே இரண்டிலொன்றைக் கைவிட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில், அப்பல்கலைக்கழகங்களின் விளையாட்டுப் போட்டிகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அந்தத் தடையை நீக்கத் தீர்மானித்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் அதை நடைமுறைப்படுத்தியதால், இப்போது லீக்கில் ஆடிவிட்டுப் பல்கலைக்கழகம் செல்லவும் வழியுண்டு. அதற்கு, அந்த அமைப்பு ஏற்கும் 16 அடிப்படைப் பாடங்களை உயர்நிலைப் பள்ளியில் முடித்திருக்க வேண்டும். ஆகவே தரம் 11க்கான பாடத் தெரிவுப் படிவத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள்: பாடக் குறியீட்டின் கடைசி எழுத்து 'யூ' என்றால் அது பல்கலைக்கழக மட்டம், 'சி' என்றால் கல்லூரி மட்டம். பயிற்சிக்கு நேரம் வேண்டுமென்று ஆங்கிலத்தையும் கணிதத்தையும் 'சி'க்கு இறக்கிவிடும் பிள்ளைகள் உண்டு. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் கனவைப் பொறுத்தவரை, 32 அணிகள், அணிக்கு 23 இடங்கள், ஆக 736 பேர். அதற்குக் கனடா மட்டுமன்றி அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து பிள்ளைகளும் போட்டியிடுகிறார்கள். 18 வயதளவில் பிள்ளைகளை அணிகள் தெரிவுசெய்யும் ஆண்டுத் தெரிவில் 7 சுற்றுகளில் தெரிவாகும் இருநூற்றுச் சொச்சம் பேரிலும் பலர் ஓர் ஆட்டம்கூட அங்கு ஆடுவதில்லை. மறுபுறம், சரே நகரத்துப் பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளையான அர்ஷ்தீப் பெய்ன்ஸை அந்தத் தெரிவில் எந்த அணியும் எடுக்கவில்லை. அவர் 2021-22 பருவத்தில் ரெட் டியர் அணிக்காக 112 புள்ளிகள் பெற்று, மேற்குக் கனடாவின் இளையோர் லீக்கான மேற்கு லீக்கில் முதலிடம் பிடித்தார். அந்தப் பருவத்தில்தான் என்.எச்.எல். அணியான வன்கூவர் கனக்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அதன் பின்னும் அபொட்ஸ்போர்டில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடி, 2024 பெப்ரவரியில், 23 வயதில்தான் என்.எச்.எல்.லில் கால்வைத்தார். 18 வயதில் வரும் 'இல்லை' முடிவான பதிலல்ல. ஆனால் அதற்குப் பிந்திய ஆண்டுகளை எதைக் கொண்டு கடப்பது என்ற கேள்வி இருக்கிறது. 2025-26இல் என்.எச்.எல். குறைந்தபட்ச ஊதியம் 7,75,000 அமெரிக்க டொலர் என்று சொல்லி மயக்குவார்கள். ஆடும் லீக்கைப் பொறுத்து ஊதியம் மாறும் இருவழி ஒப்பந்தத்தில் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்படும் வீரருக்கு அதில் சிறு பகுதியே கிடைக்கும்.

ஒன்ராறியோ லீக் அணிகள் ஆடிய பருவங்களைக் கணக்கிட்டுக் கல்வி உதவித்தொகை தருகின்றன. எத்தனை மாதங்களுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் செய்தால் அது என்னாகும் என்பவற்றை எழுத்தில் வாங்கி, கையெழுத்திடுமுன் அணியோடு தொடர்பற்ற சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வேற்றூர் அணியென்றால் மகன் முன்பின் தெரியாத குடும்பமொன்றின் வீட்டில் தங்கிப் படிக்க நேரும். அங்கு எந்தப் பள்ளி, பயணத்தால் தவறும் பாடங்களுக்கு யார் பொறுப்பு, தலையில் அடிபட்டால் மீண்டும் ஆடலாமென்று முடிவெடுப்பவர் பயிற்றுநரா மருத்துவரா என்பவற்றையும் அதே சந்திப்பில் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத அணிக்கு, அது எவ்வளவு பெயர்பெற்றதாயினும், நான் பிள்ளையை அனுப்பச் சொல்லமாட்டேன்.