வசதி குறைந்த சுகாதார அமைப்பில் தொற்றுநோய்க் கண்காணிப்பை வலுப்படுத்த முதலில் எதற்குச் செலவிட வேண்டும்?

ஆள், பணம், ஆய்வகம் மூன்றுமே போதாத ஒரு சுகாதார அமைப்பில் தொற்றுநோய்க் கண்காணிப்பை மேம்படுத்த முதல் செலவை எதில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சுகாதார நிலையங்களிலிருந்து வரும் வாராந்திர நோய் அறிக்கைகளைத் தொகுக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அறிக்கை அனுப்புகிறவருக்கு மறுமொழி போய்ச் சேரவும், அவர் எடுத்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேரவும் செலவிடுங்கள் என்பதே என் பதில். மென்பொருளையும் கருவியையும் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு வந்த படிவங்களில் ஒரு நிலையத்தினுடையது மட்டும் எல்லா வாரமும் பூச்சியமாகவே இருந்தது. நான்கு வாரப் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே மை, ஒரே எழுத்துச் சாய்வு. ஒரே மூச்சில் நிரப்பியவை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. நேரில் போய் வெளிநோயாளர் பதிவேட்டைப் புரட்டியபோது, தண்ணீராகப் பேதி ஆகிறது என்ற குறிப்பு ஒரே பக்கத்தில் ஏழெட்டு இடங்களில் இருந்தது. அங்கிருந்த செவிலியர் சோம்பேறி அல்லர். முந்தைய ஆண்டு ஒரு வாரம் 11 பேர் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை, மாதிரி எடுத்துப் போகவும் ஒருவரும் வரவில்லை. போதாததற்கு அந்தப் படிவத்தில் 30-க்கும் மேற்பட்ட நோய்ப் பெயர்கள் இருந்தன. காலையிலிருந்து ஊசி போட்டு, பிரசவம் பார்த்து, மருந்து கொடுத்துக் களைத்தவரிடம் அதை நீட்டினால் பூச்சியம்தான் வரும்.

தேடிப் பார்த்து எழுதிய பூச்சியமும் தேடாமலே எழுதிய பூச்சியமும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும். போலியோ ஒழிப்புத் திட்டம் இந்தச் சிக்கலைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குத் திடீரெனக் கைகால் தளர்ந்து போனாலும், அது போலியோவா இல்லையா என்று யோசித்துக்கொண்டிராமல் உடனே தெரிவித்துவிட வேண்டும். போலியோ அறவே இல்லாத இடத்திலும் வேறு காரணங்களால் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் ஒருவருக்காவது இத்தகைய தளர்ச்சி வரும் என்பதால், அந்த அளவுகூடத் தெரிவிக்காத பகுதியைக் குறித்து யாரும் நிம்மதி அடைவதில்லை. அங்கே தேடலே நடக்கவில்லை என்றுதான் கொள்வார்கள். தளர்ச்சி தொடங்கிய 14 நாட்களுக்குள், 24 மணி நேரமாவது இடைவெளி விட்டு, இரண்டு மல மாதிரிகளை எடுத்துக் குளிர் கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதும் விதி. பெரும்பாலும் இங்கேதான் சங்கிலி அறுகிறது. பெட்டி இருக்கும், ஐஸ் இருக்கும், எடுத்துப் போக வண்டி இருக்காது. வாரத்தில் இரண்டு நாள் குறித்த நேரத்தில் நிலையங்களைச் சுற்றிவரும் ஒரு மோட்டார் சைக்கிளும் அதற்கான எரிபொருளும், மாதிரி வந்து சேராத ஆய்வகத்தில் துணி போர்த்திக் கிடக்கும் கருவியைவிட அதிக நோயைக் கண்டுபிடிக்கும்.

இந்தத் தாமதத்தின் விலையை மேற்கு ஆப்பிரிக்கா பார்த்தது. கினி நாட்டின் மெலியாண்டூ என்ற சிற்றூரில் 2013 டிசம்பரில் ஒரு குழந்தையிடம் தொடங்கியதாகக் கருதப்படும் தொற்று, எபோலாதான் என்று 2014 மார்ச்சில்தான் உறுதியாயிற்று. அதற்கே மாதிரிகள் ஐரோப்பிய ஆய்வகங்கள் வரை போக வேண்டியிருந்தது. முடிவில் 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் எபோலா நோயாளி ஒருவர் விமானத்தில் வந்திறங்கியபோது, போலியோவுக்காகப் பழகியிருந்த ஆட்களும் அவசர மையத்தின் நடைமுறையும் அப்படியே எபோலாவின் பக்கம் திருப்பப்பட்டன. தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். மொத்தம் 20 நோயாளிகள், 8 இறப்புகளோடு அங்கே அது அடங்கியது. அந்த முதல் நோயாளியை வெளியே விட மறுத்த மருத்துவமனையின் உறுதிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மென்பொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. தவறான பூச்சியத்தை அது விரைவாகக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். அச்சம் என்ற ஒன்றும் இருக்கிறது. 2007-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி, பிற நாடுகளுக்கும் பரவக்கூடிய அபாயம் என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வணிகமும் பயணமும் முடங்கிவிடுமோ என்று அரசுகள் தயங்குவதும், மேலதிகாரி திட்டுவாரோ என்று செவிலியர் தயங்குவதும் ஒரே தயக்கம்தான்.

நாங்கள் பிறகு செய்தது எளியது. படிவத்தை எட்டு நோய்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் வரையறை எழுதி, அறிக்கை வந்த மறுநாள் அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, போன வார மாதிரியின் முடிவைச் சொன்னோம். மூன்றாம் மாதம் அந்த நிலையத்தின் எண்கள் ஏறத் தொடங்கின. அந்தப் பகுதியில் திடீரென்று ஏன் இவ்வளவு நோய் என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கூடியது நோய் அன்று என்று அவர்களுக்குப் புரியவைக்க இரண்டு கூட்டங்கள் பிடித்தன.