ஆவி எந்தப் பால்?

கேள்வி: அக்கா, எங்கள் ஊருக்கு வந்த ஒரு பேச்சாளர், "தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் பரிசுத்த ஆவியைத் தாய் என்றே அழைத்தார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அன்றிலிருந்து வாக்குவாதம். அவர் சொன்னது உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்மைதான். ஆனால் எல்லோரும் அப்படி அழைக்கவில்லை. முக்கியமாக, அரமேயத்தின் ஒரு கிளைமொழியான சிரியாக் பேசிய கிறிஸ்தவர்கள் அழைத்தார்கள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவள் நான், அதனால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆவியைக் குறிக்கும் எபிரெயச் சொல் ரூவாக். சிரியாக்கில் ரூஹா. இரண்டும் பெண்பால். கிரேக்கத்தில் அது நியூமா ஆனதும் அஃறிணை மாதிரி ஆகிவிட்டது. லத்தீனில் ஸ்பிரிட்டுஸ், ஆண்பால். ஒரே ஆவி, மொழி மாறினால் பால் மாறுகிறது.

தமிழுக்கு வாருங்கள். "தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்" என்று ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் படிக்கிறோம். எபிரெயத்தில் அந்த அசைவாடுதல் பெண்பால் வடிவத்தில் இருக்கிறது. இதே வினை உபாகமம் 32இல், கழுகு "தன் குஞ்சுகளின்மேல் அசைவாடி" என்ற இடத்திலும் வருகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். "அசைவாடிக்கொண்டிருந்தார்" என்பது ஆண்பால் இல்லை, மரியாதைப் பன்மை. "அம்மா வந்தார்" என்றும்தானே எழுதுகிறோம்? தமிழ் வேதாகமம் கதவைச் சாத்தவில்லை, நாம்தான் சாத்திக்கொண்டோம்.

சரி, அந்தக் காலத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று பார்ப்போம். நான்காம் நூற்றாண்டில் பாரசீக நாட்டில் வாழ்ந்த சிரியாக் எழுத்தாளர் அஃப்ராகாத், திருமணமாகாதவனுக்குத் தந்தை கடவுள், தாய் பரிசுத்த ஆவி என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். தோமா இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்லும் 'தோமாவின் நடபடிகள்' மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் எண்ணெய் பூசி ஜெபிக்கும்போது தோமா "வாரும், இரக்கமுள்ள தாயே" என்று கூப்பிடுகிறார். 'சாலொமோனின் கீதங்கள்' என்றொரு தொகுப்பும் உண்டு. இது உன்னதப்பாட்டு அல்ல, வேறு. மொத்தம் 42 பாடல்கள். காணாமல் போய்விட்டன என்றே நினைத்திருந்தார்கள். 1909இல் ரெண்டல் ஹாரிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு சிரியாக் கையெழுத்துப் பிரதியில் கண்டெடுத்து வெளியிட்டார்.

அதில் பத்தொன்பதாம் பாடல் ஒரு கிண்ணம் பாலோடு தொடங்குகிறது. கிண்ணம், குமாரன். பால் பிதாவுடையது. அவருடைய மார்புகள் நிறைந்திருந்தன, அந்தப் பாலை வீணாக்கக் கூடாது என்று கறந்தவள் பரிசுத்த ஆவி. முதல் முறை படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிதாவுக்கே மார்பு! இதற்குப் பதறத் தேவையில்லை. பேதுருவின் முதல் நிருபத்தில் "களங்கமில்லாத ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள்" என்று நாம் படிக்கவில்லையா? பால் என்றால் ஊட்டியவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும்?

ஏறக்குறைய 400க்குப் பிறகு சிரியாக் எழுத்தாளர்களும் ரூஹாவை ஆண்பாலில் எழுதத் தொடங்கினார்கள். சொல்லின் வடிவம் மாறவில்லை, வினையும் அடைமொழியும் மாறின. இலக்கண ஆசிரியைக்கு இது கண்ணில் குத்தும். உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் என் ஓட்டு அந்தப் பேச்சாளருக்கு.

கேள்வி: மகதலேனா மரியாள் ஒரு சுவிசேஷம் எழுதினார், அதைச் சபை மறைத்துவிட்டது என்கிறார்களே?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: 'மரியாளின் சுவிசேஷம்' என்று ஒரு நூல் இருக்கிறது. அதை எழுதியவர் மரியாள் என்று நூலே சொல்லவில்லை. 1896இல் கெய்ரோவில் ஒரு ஜெர்மானியர் வாங்கிய, பழைய எகிப்திய மொழியான காப்டிக்கில் எழுதிய ஏட்டில் இது கிடைத்தது. முதல் ஆறு பக்கங்களும் நடுவில் நான்கு பக்கங்களும் இல்லை. 1912இல் அச்சுக்குத் தயாரானபோது அச்சகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து எல்லாம் பாழானது. அப்புறம் இரண்டு உலகப் போர்கள். கடைசியில் 1955இல்தான் வெளிவந்தது. பண்டைய காலத்தில் அதை ஒதுக்கினார்கள் என்பது சரி. கிடைத்த பிறகு ஆன தாமதத்துக்குக் காரணம் தண்ணீரும் போரும்தான்.

அதில் மறக்க முடியாத இடம் ஒன்று. ஆண்டவர் தனக்குச் சொன்னதை மரியாள் சொல்லி முடித்ததும், அந்திரேயாவும் பேதுருவும் நம்ப மறுக்கிறார்கள். நம்மிடம் சொல்லாமல் ஒரு பெண்ணிடமா சொல்லியிருப்பார் என்று பேதுரு கேட்கிறார். மரியாள் அழுகிறாள். "என் சகோதரனே பேதுரு, இதை நானாகவே கற்பனை செய்தேன் என்று நினைக்கிறாயா?" என்கிறாள். லேவிதான் அவளுக்காகப் பேசுகிறான். எழுதியது யாராக இருந்தாலும், அப்படி ஒரு சண்டை சபைகளில் நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இது சாட்சி.

கேள்வி: நீங்கள் சொல்வதையெல்லாம் பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள் எழுதியவையாகத்தான் தெரிகிறது. ஒரு பெண் தன் கையால் எழுதியது எதுவுமே இல்லையா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தங்கச்சி. கடவுளைத் தாய் என்று எழுதிய இடத்திலெல்லாம் பெண்ணின் குரலும் கேட்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அஃப்ராகாத் ஆண். தெக்லா என்ற பெண் துணிந்து பிரசங்கித்த கதையைக்கூட ஆசியா என்ற ரோம மாகாணத்திலிருந்த (இன்றைய துருக்கி) ஒரு மூப்பர்தான் எழுதினார் என்று தெர்த்துல்லியன் என்ற பழைய லத்தீன் எழுத்தாளர் சொல்கிறார்.

பெண் எழுதியது வேண்டுமென்றால் கார்த்தேஜுக்குப் போக வேண்டும். இன்றைய துனிசியாவில், துனிஸ் நகரத்தை ஒட்டியிருக்கிறது. ஆண்டு 203. விபியா பெர்பெத்துவா, ஏறக்குறைய 22 வயது, நல்ல குடும்பத்துப் படித்த பெண், கைக்குழந்தைக்காரி. கிறிஸ்தவள் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். அங்கே அவள் எழுதிய குறிப்புகள் நமக்கு லத்தீனில் கிடைத்திருக்கின்றன.

அவள் முதலில் எழுதுவது இருட்டைப் பற்றி. அப்படி ஓர் இருட்டை அவள் பார்த்ததே இல்லை. அப்புறம் கூட்டம், வெக்கை, குழந்தையைப் பற்றிய கவலை. இரண்டு உதவிக்காரர்கள் காசு கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க ஏற்பாடு செய்கிறார்கள். பசியில் துவண்டு கிடந்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். குழந்தை தன்னோடு இருக்க அனுமதி கிடைத்ததும், சிறை எனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்கிறாள்.

அரங்கத்தில் மிருகங்களுக்கு முன் விட வேண்டும் என்று தீர்ப்பு வந்த பிறகு குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்புகிறாள். அப்பா தர மறுத்துவிடுகிறார். அடுத்து அவள் எழுதியதுதான் என்னை உலுக்கியது. கடவுள் சித்தம், குழந்தை அதற்குமேல் பால் கேட்கவில்லை, மார்பும் எனக்குக் கொதிக்கவில்லை என்கிறாள். மூத்தவனை மூன்றாம் மாதத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான். பதினோரு மணி வகுப்பில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பேன். எத்தனையோ புனிதர்களின் வரலாறு படித்திருக்கிறேன். பால் கட்டுமே என்று பயந்த புனிதையை அவளிடம்தான் பார்த்தேன். இந்த வரியை ஓர் ஆண் கற்பனையில் எழுதியிருப்பான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவள் கண்ட தரிசனத்திலும் பால்தான். ஏணியில் ஏறிப் போகிறாள். தோட்டத்தில் நரைத்த மேய்ப்பர் ஒருவர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். பாலாடைக்கட்டியில் ஒரு வாய் தருகிறார். இரண்டு கையையும் சேர்த்து வாங்கிச் சாப்பிடுகிறாள், சுற்றி நின்றவர்கள் "ஆமென்" என்கிறார்கள். கண் விழித்தபோதும் வாயில் ஏதோ இனிப்பை மென்றுகொண்டிருந்தாளாம்.

விளையாட்டரங்குக்கு முந்தின நாளோடு எழுத்து நிற்கிறது. அங்கே நடக்கப்போவதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்று முடித்துவிடுகிறாள். வேறொருவர் எழுதி முடித்தார். ஆனால் அவள் எழுதியதை அவள் எழுதியபடியே விட்டிருப்பதாகச் சொல்கிறார்.

கேள்வி: போன இதழில் பெர்பெத்துவாவோடு ஃபெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் இறந்ததாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவளுக்கும் குழந்தை இருந்ததா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இருந்தது, அம்மா. பிடிபட்டபோதே கர்ப்பிணி, அரங்கத்துக்குப் போகும் நாள் நெருங்கியபோது எட்டு மாதம். கர்ப்பிணியைத் தண்டிக்கச் சட்டம் இடம் தராது. தன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுவார்களோ என்று அவளுக்குக் கவலை. எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள், உடனே வலி கண்டது. சிறையிலேயே பெற்றாள். அரங்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது, பிள்ளை பெற்ற மார்பிலிருந்து பால் சொட்டுவதைப் பார்த்துக் கூட்டமே திடுக்கிட்டுப்போனது. திரும்ப அழைத்து, தளர்வான அங்கி உடுத்தித்தான் உள்ளே விட்டார்கள்.

பிறந்தது பெண் குழந்தை. சபையில் ஒரு சகோதரி அவளைத் தன் மகளாகவே வளர்த்தாள்.